இடது சிக்னல்

கறை முதலில் கண்ணாடிக்கு வெளியேதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை காரை எடுக்கப் போனபோது பின்கண்ணாடியில் தினேஸ்வரி அதைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்காக, உள்ளங்கை அகலத்தில், நெற்றியும் மூக்கும் அழுந்தியது போல இரண்டு திட்டுகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாள். பழைய துணியால் துடைத்தாள். துணியில் ஏறிய நாற்றம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. ஒட்டுப்பால். கோப்பையில் நாள்கணக்கில் கிடந்து புளித்த ரப்பர் பாலின், நாக்கில் வந்து படிகிற நாற்றம். அவள் வீடு இருந்த தாமான் குடியிருப்பு பழைய ரப்பர் தோட்டத்தில் கட்டியதுதான். ஆனால் சுற்றிலும் இப்போது செம்பனை மட்டுமே.

அன்றிரவு நாட்குறிப்பில் எழுதினாள்: 'பின்கண்ணாடியில் கறை. பிள்ளைகள்?' கேள்விக்குறி இல்லாமல் அவளால் ஒரு வரியும் எழுத முடிவதில்லை.

பகலில் செமோர் டவுன் கிளினிக்கில் வேலை. மாலையில் குனோங் ராபாட்டில் பாலர்பள்ளி ஆசிரியைக்கான வகுப்பு. ஏழு மணிக்கு வகுப்பு விட்டதும் செமோரைத் தாண்டி, செம்பனைக்குள் போகும் ஒற்றைச் சாலையில் வீடு திரும்புவாள். அந்தச் சாலையில் தன்னை ஒட்டிக்கொண்டு வருகிறவர்களை அவள் தினமும் குறித்து வைத்தாள். சாலையோர மின்கம்பம் ஒன்றைத் தன் கார் கடந்ததும் எண்ணத் தொடங்குவாள். பின்னால் வருகிற கார் அதே கம்பத்தைக் கடக்க மூன்று விநாடி ஆக வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் பக்கத்தில் 'அட்டை' என்று எழுதுவாள். காலில் ஏறி ரத்தம் குடிக்கிற அட்டையை நினைத்து, அதே அருவருப்போடு.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு பக்கம் அடித்துத் திருத்தியே கிழிந்திருந்தது. அன்று ஒரு வெள்ளைக் கார் ஒரு விநாடிகூட இடைவெளி விடாமல், பெரிய விளக்கை அவள் கழுத்தில் அடித்தபடி, ஹாரனை அமுக்கி அமுக்கி வந்தது. தோட்டக் காலத்து ரப்பர் ஸ்டோர் இடிந்து கிடக்கும் வளைவு நெருங்கியது. செம்பனைகளுக்கு நடுவே எதிரில் லாரி விளக்கு நகர்வது அவளுக்குத் தெரிந்தது. அவள் இடது சிக்னலைப் போட்டாள்.

முன்னால் போகிற வண்டி இடது சிக்னல் போட்டால் இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: எதிரில் ஒன்றுமில்லை, நீ முந்திப் போகலாம். லாரிக்காரர்கள் பழக்கிவிட்ட மரியாதை.

வெள்ளைக் கார் வலதுபுறம் ஏறியது. அவளைத் தாண்டும்போது அந்த ஆள் இடது கையைத் தூக்கி, ஐந்து விரலும் விரிய, நன்றி காட்டினான். அப்புறம் சத்தம். அவள் நிறுத்தவில்லை.

அன்று எழுதியது: 'லாரி தெரிந்தது.' அதை அடித்து, 'தெரிந்ததா?' அதையும் அடித்து, 'ஓரம் கட்டத்தான் சிக்னல் போட்டேன்.'

இந்தத் திங்கட்கிழமை மாலை அந்தச் சாலையில் பின்னால் இரண்டு விளக்குகள் வந்தன, ஒன்று மங்கல். எண்ணினாள். மூன்று. செவ்வாயன்று இரண்டு. புதனன்று ஒன்று. வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே தூரத்தில் வந்து, தாமான் விளக்குக் கம்பங்கள் தெரிந்ததும் காணாமல் போயின. ஒவ்வொரு காலையிலும் கண்ணாடியில் கறை கொஞ்சம் பெரிதானது. வியாழனன்று எண்ண முடியவில்லை. வெளிச்சம் பின்கண்ணாடிக்கே ஏறி, கார் முழுக்க மஞ்சளாக, அழுகிய பழத்தின் உட்புறம் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கறை எத்தனை துடைத்தும் போகவில்லை. வேலை முடிந்து, வகுப்புக்குப் போகும் வழியில் கார் கழுவும் கடையில் நிறுத்தினாள். கடைக்காரர் யுகேந்திரன் பின்கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, காருக்குள்ள நாய் வளக்கிறியா?"

"இல்லண்ணே."

"பின்ன யாரு நக்கி வெச்சது? இது வெளிய இல்லலா. உள்ளுக்கு."

அவர் பின்சீட்டில் முட்டி போட்டுத் துடைத்தார். துணியை முகர்ந்ததும் சிரிப்பு நின்றது. அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தார்.

"சுகுமாரன் காரை இழுத்துட்டு வந்தப்போ இதே நாத்தம்தான். அந்த லாரியில ஒட்டுப்பாலு. அம்புட்டும் அவன் மேல கொட்டிருச்சு. வழிச்சுத்தான் எடுத்தாங்க."

"யாருண்ணே சுகுமாரன்?"

"என் மச்சான். ஸ்டோர் வளைவுல போனானே, அவன்தான். ஒட்டிக்கிட்டே ஓட்டுற பய, நானே ஏசியிருக்கேன். ஆனா யாரு வழி விட்டாலும் கையத் தூக்காம போக மாட்டான்." துணியை வாளியில் போட்டார். "லாரிக்காரர் சொல்றாரு, முன்னால போன காரு இடது சிக்னல் போட்டுச்சாம். அத நம்பி ஏறியிருக்கான். அந்த ஆளு யாருன்னு தெரிஞ்சா அடிக்கல்லாம் மாட்டேன்லா. வேணும்னுதான் போட்டியான்னு ஒண்ணு கேக்கணும். அவ்வளவுதான்."

தினேஸ்வரி வாயைத் திறந்தாள்.

"கிளாஸுக்கு நேரமாச்சுண்ணே," என்றாள்.

வகுப்பு முடிந்து செமோரைத் தாண்டியபோது மேற்கே வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. செம்பனைச் சாலைக்குள் திரும்பினாள். கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் விளக்கு இல்லை. நனைந்த தார்ச் சாலை, இரு புறமும் கறுத்த மட்டைகள், அவ்வளவுதான். ஐந்து நாளில் முதல் முறையாக அவள் தோள் தளர்ந்தது. பழக்கத்தில் ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, எண்ணுவதற்குப் பின்னால் எதுவுமில்லை என்று தன்னையே பார்த்துச் சிரித்தாள்.

அப்போதுதான் நாற்றம் வந்தது. ஏர்கோன் காற்றில் மெல்லக் கலந்து, தலைமுடியில் படிந்து, எச்சிலில் இறங்கி. கழுவிய காரில். அவள் கண்ணாடியை இறக்கினாள். வெளிக்காற்று சுத்தமாக, மழை மணத்தோடு இருந்தது.

நாற்றம் உள்ளே இருந்தது.

பின்சீட்டின் ஸ்பிரிங் முனகியது. கனமான ஒன்று முன்னால் சாய்கிற முனகல். தலைசாய்ப்பானில் ஈரம். சூடான ஈரம். கழுத்தில் மூச்சு.

மூன்று விநாடி இல்லை. ஒன்றும் இல்லை. இடைவெளியே இல்லை.

டிக். டிக். டிக்.

முன்பலகையில் பச்சை அம்பு மினுக்கியது. இடது. அவள் சிக்னல் தண்டைத் தட்டினாள். அணையவில்லை. மறுபடி தட்டினாள். டிக். பிரேக்கை மிதித்தாள். வேகம் குறையவில்லை.

இடிந்த ஸ்டோரின் சுவர் தெரிந்தது. வளைவு. செம்பனைகளுக்கு நடுவே ஒரு விளக்கு நகர்ந்தது.

அவள் கேள்விக்குறி இல்லாமல் சொன்னாள்.

"ஆமா. வேணும்னுதான் போட்டேன்."

மூச்சு நின்றது. ஸ்டீயரிங் அவள் கைக்குள் தானாக வலதுபுறம், எதிரே வரும் விளக்கை நோக்கித் திரும்பியது.

இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து ஓர் இடது கை எழுந்தது. மெதுவாக, மரியாதையாக. ஐந்து விரலும் விரிந்து, விரல்களுக்கிடையே வெள்ளைப் பால் ஜவ்வாக இழுபட்டுத் தொங்க, அவள் முகத்துக்கு அருகில் வந்து, நன்றி காட்டி, இறங்காமல் அப்படியே நின்றது.