மேலே வராத மேஸ்திரி

பெட்டி என்ற அந்தப் பெண் அன்றைக்கு வெங்காய பஜ்ஜியிலிருந்து வெங்காயத்தை மட்டும் உருவித் தின்றுவிட்டு, எண்ணெய் குடித்த மாவுக் கூட்டைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைத்தாள். சங்கமித்ரா அதைப் பார்த்துக்கொண்டே டீயை ஊற்றினாள். டம்ளர் நிரம்பி மேஜையில் ஓடிய பிறகுதான் கையை நிமிர்த்தினாள். பஜ்ஜியை அப்படித் தின்கிறவன் இந்த உலகத்திலேயே ஒருவன்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் பெயர் கிஷோர். அவன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறி ஒன்றரை மாதம் ஆகிறது.

கூட உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகியிருப்பாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, பழைய துண்டால் மேஜையைத் துடைத்தாள்.

தொம்மலூர் பழைய ஊருக்குள் ஒரு மாடி வீடு அது. ஞாயிறு தவறாமல் மூன்று மணிக்கு அங்கே ஆட்டம். சீட்டு இல்லை, கேரம் இல்லை. ஒருத்தி கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்வார்கள். காரியம் பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இரண்டாயிரத்து மூன்றில் பெங்களூரில் இதை விளையாடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கீழ் வீட்டு ஓனரம்மா, இவர்கள் ஜெபக்கூட்டம் நடத்துகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். நடத்துகிறவள் சங்கமித்ரா. கோலார் தங்கவயலில் பிறந்து, அப்பா இறங்கிய சுரங்கம் மூடுவதைப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறவள். அந்த மேஜையைச் சுற்றி உட்காரும் மூன்று பேரைத் தவிர இந்த ஊரில் அவளை அக்கா என்று கூப்பிட நாதியில்லை.

மூன்று பேரில் ஆடியது கிஷோர் ஒருவன்தான். பெட்டியும் மைக்கேல்ராஜும் வருவார்கள், தின்பார்கள், சிரிப்பார்கள். 'உன் ஆள் இப்போ என்ன பண்றான்?' என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்கக்கா" என்பார்கள். ஆனால் ஆட்டக்காரனின் ஆளை ஆட்டக்காரன்தான் நடத்த வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். கிஷோர் இருந்தவரை அவன் சத்தத்தில் இவர்கள் மௌனம் தெரியவில்லை.

அவள் நடத்திய கதை ஒரு தங்கச் சுரங்கத்துக்குள். அதனால் டோக்கனையும் கொண்டுவந்திருந்தாள். சுரங்கத்தில் இறங்குகிறவன் வாசல் பலகையின் ஆணியிலிருந்து தன் எண் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவான். மேலே வந்ததும் மாட்டிவிடுவான். ஆணி காலியாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். சங்கமித்ரா பழைய சாமான் கடையில் மூன்று டோக்கன் வாங்கி, சுவரில் மூன்று ஆணி அடித்திருந்தாள். ஆட்டம் தொடங்கும்போது எடுப்பார்கள், முடிந்ததும் மாட்டுவார்கள்.

கிஷோரின் ஆள் சின்னதம்பி மேஸ்திரி. அவன் அமெரிக்கா கிளம்பிய ஞாயிறு, மேஸ்திரி சுரங்கத்தின் ஆழத்தில், எழுபதாவது லெவலில் இருந்தபோது, கிஷோரை ஏற்றிப் போக வாசலில் டாக்ஸி வந்து ஹாரன் அடித்தது. அவன் டோக்கனை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்தான்.

"அவர கொன்னுடாதீங்கக்கா. நான் திரும்பி வந்து ஆடறேன்."

ஒரு பாறையைச் சரித்து முடித்திருக்கலாம். ஆட்களை ஏற்றியிறக்கும் கூண்டில் ஏற்றி மேலே அனுப்பியிருக்கலாம். அவளுக்கு மனசு வரவில்லை. அவனுடைய இடம் காலியானால் அடுத்த மாதம் மேஜையே காலியாகிவிடும் என்று பயம். அதனால் அந்த டோக்கனைப் பெட்டியின் கையில் கொடுத்தாள். வாயே திறக்காத பெண்ணுக்கு ஒரு பெரிய ஆளைக் கொடுத்தால் பேசத் தொடங்குவாள் என்று கணக்குப் போட்டாள்.

கணக்கு பலித்தது. பெட்டி பேசத் தொடங்கினாள்.

முதல் இரண்டு வாரம் சங்கமித்ராவுக்குப் பெருமை தாங்கவில்லை. மேஸ்திரி இருட்டில் சுவரைத் தடவி நடப்பதை, பாறையிலிருந்து வரும் சூட்டை, வெடிமருந்துப் புகை தொண்டையில் கசப்பதைப் பெட்டி அத்தனை நேர்த்தியாகச் சொன்னாள். மூன்றாவது வாரம்தான் ஒன்று உறைத்தது. சுரங்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் சங்கமித்ரா. பெட்டியோ அவள் சொல்லாததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் அப்படித்தான். வெளியே ஜூலை மழை ஓட்டுக்கூரைகளில் ஓயாமல் கொட்டியது. நாலு மணிக்கே கரண்ட் போய்விட்டதால் ஜன்னலோரம் மட்டும் சாம்பல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவர் வாசனையும் ஆறிய எண்ணெய் வாசனையும் கலந்து அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்க, அவற்றுக்கு அடியில் இன்னொன்று, நாள்பட்ட இரும்பும் சேறுமாக ஒரு நெடி, இந்த வீட்டுக்குச் சொந்தமில்லாதது, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு," என்றாள் பெட்டி.

"தண்ணியா? நான் தண்ணின்னு சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க சொல்லலக்கா." பெட்டி தொண்டையைச் செருமினாள். கிஷோர் செருமுகிற மாதிரியே, இரண்டு தரம். "ஆனா வந்துடுச்சு."

மைக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. பெட்டியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போன் அடித்தது. எழுந்து போக ஒரு சாக்குக் கிடைத்ததில் சங்கமித்ராவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பக்கத்து ஈஜிபுராவிலிருந்து ராஜலக்ஷ்மி, கிஷோரின் அக்கா. அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சும்மா. கிஷோரு போன ஞாயித்துக்கிழம விடியகாலைல தூங்கனவன், இன்னும் எழுந்துக்கல. ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. டாக்டருங்களுக்கு ஒண்ணும் பிடிபடல."

"ஒரு வாரமாவா?"

"ஆமாம்மா. கூட இருக்கற பையன் சொல்றான், அவன் காலு ரெண்டும் ரொம்ப நேரம் தண்ணில ஊறினாப்புல வெளுத்துச் சுருங்கிக் கெடக்குதாம். தொடச்சா மறுபடி ஈரமாவுதாம். நடுநடுல ஏதோ முனகறான். கூண்டு அனுப்புங்க, கூண்டு அனுப்புங்கன்னு. இன்னா கூண்டும்மா அது? இன்னிக்கி மூச்சும் கொறையுதுன்னு சொல்றாங்க."

இங்கே ஞாயிறு மாலை என்றால் அங்கே ஞாயிறு விடியற்காலை, போன வார ஆட்டம் நடந்த அதே நேரம். ரிசீவரை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது. கிஷோர் செத்துவிடுவான். காரணம் கேட்டால் யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனைக் கீழே விட்டுவிட்டு வந்தது அவள்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். குரலைச் சாதாரணமாக்கிக்கொண்டாள்.

"சரி. எழுபதாவது லெவலுக்குக் கூண்டு வந்து நிக்குது. கதவு திறந்திருக்கு. பெட்டி, மேஸ்திரி என்ன பண்றார்?"

பெட்டி கையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏறிட்டார்னு சொல்லும்மா. ஒரு வார்த்தை."

"ஏற முடியாதுக்கா." பெட்டி உள்ளங்கையை விரித்தாள். பித்தளை டோக்கன் நனைந்திருந்தது. அதைச் சுற்றி அவள் கையில் சேறு. "அவரு டோக்கன் இங்க இருக்குதே. டோக்கன் இல்லாம எப்படி மேல வருவாரு?"

சங்கமித்ரா அதைப் பிடுங்கிக்கொண்டு சுவரருகே போனாள். ஆணியில் மாட்ட கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். அவள் அப்பா ஆதிகேசவன் முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர். அதிகம் பேசாத மனிதர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விடாமல் புலம்புவார். ஒருத்தன் டோக்கனை இன்னொருத்தன் கையில் கொடுக்காதே. கொடுத்தால் அவன் மறந்துபோய் மாட்டிவிடுவான். மாட்டிவிட்டால் எல்லாரும் மேலே வந்தாயிற்று என்று விளக்கை அணைத்துவிடுவார்கள். கீழே இருப்பவனை அப்புறம் யாரும் தேட மாட்டார்கள்.

அவர் சாப்பிடும்போதெல்லாம் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். கேட்டுவிட்டு, ஒரு டாக்ஸி ஹாரன் அடித்ததற்காக, டோக்கனை எடுத்து இன்னொருத்தியின் கையில் கொடுத்தவள். மாட்டவில்லை.

"யாராவது எடுத்துகினு போய் அவரு கையில குடுக்கணும்," என்றான் மைக்கேல்ராஜ். இரண்டு வருஷத்தில் ஆட்டத்தைப் பற்றி அவன் சொன்ன முதல் சொந்த யோசனை அது.

"நீ போறியா? உன் ஆள் போறான்னு சொல்லு. பகடைகூட வேணாம்."

அவன் தலை குனிந்துகொண்டான்.

"பெட்டி, நீ?"

"நீங்களே போங்கக்கா," என்றாள் பெட்டி அன்பாக.

"நான் எப்படிப் போறது? நான் ஆட்டக்காரி இல்லையே. நான்தானே கதை சொல்றேன்."

"நான் சொல்றேன்."

மழை விட்டிருந்தது. எப்போது விட்டது என்று தெரியவில்லை. தெருவில் ஆட்டோச் சத்தம் இல்லை, கீழ் வீட்டு டேப்ரிக்கார்டர் இல்லை. மூச்சும் கொறையுதுன்னு சொல்றாங்க. ராஜலக்ஷ்மியின் குரல் காதுக்குள்ளேயே நின்றது. சங்கமித்ரா மேஜையைச் சுற்றி வந்தாள். கிஷோரின் நாற்காலியை இழுத்தாள். உட்கார்ந்தாள். எதிரே, அவளுடைய இடத்தில், பெட்டி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள்.

"கூண்டுல நிக்கறீங்க," என்றாள் பெட்டி. "கதவ சாத்தறாங்க. எறங்குது."

வயிறு மேலேறியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். கம்பி. குளிர்ந்த, துருவேறிய கம்பி.

"காது அடைக்குது."

அடைத்தது.

"சூடா இருக்கு."

வியர்வை முதுகில் வழிந்தது. ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்தாள். சாம்பல் வெளிச்சம் இன்னும் இருந்தது. சின்னதாக. வெகு உயரத்தில்.

"எழுபது. எறங்குங்க."

கால் தண்ணீரில் பட்டது. வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கால் வரை. ஏதோ ஒன்று மிதந்து வந்து காலில் இடித்தது. மரக்கட்டைதான். மரக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும். நடந்தாள். சுவரைத் தடவினாள். பாறை. பாறை. பாறை.

துணி.

யாரோ நின்றிருந்தார்கள். சுவரோடு சுவராக. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு செருமல். இரண்டு தரம்.

"கிஷோர்?"

"அக்கா," என்றது இருட்டு. "ஏன்க்கா இவ்ளோ நேரம்?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தக் கையைத் தேடிப் பிடித்தாள். ஊறி வெளுத்த, மாவு போல அழுந்துகிற கை. டோக்கனை அதற்குள் வைத்து விரல்களை மூடினாள்.

"ஓடு. கூண்டு நிக்குது. ஓடுடா."

தண்ணீர் சளசளத்தது. அவளும் ஓடினாள். கதவு சாத்தும் சத்தம். மணி. சங்கிலி இழுபடும் சத்தம், மேலே, மேலே, மேலே.

"பெட்டி! கூண்டைத் திருப்பி அனுப்பு!"

"அனுப்ப முடியாதுக்கா." பெட்டியின் குரல் மிக அருகில், மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. "டோக்கன் மூணுதான். உங்களுக்குன்னு எதுவும் இல்லையே. ஆளு கணக்கு சரியா இருக்கு."

"மைக்கேல்! நீ சொல்லு! உன் ஆளை அனுப்பு! ஏதாவது சொல்லுடா!"

மைக்கேல்ராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனான்.

அறை இன்னும் தெரிந்தது. அதுதான் கொடுமை. கிணற்றுக்கடியிலிருந்து பார்ப்பது போல, வட்டமாக, தெளிவாகத் தெரிந்தது. மேஜை. ஆறிய டீ. சுவரில் மூன்று ஆணிகள், மூன்று டோக்கன்கள், ஒன்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிஷோரின் நாற்காலியில் தலை சாய்ந்து, கண் மூடி, அவள்.

கரண்ட் வந்தது. அறை முழுக்க வெளிச்சம். ஒரு துளிகூடக் கீழே இறங்கவில்லை.

போன் அடித்தது. பெட்டி எழுந்து போய் எடுத்தாள்.

"ஆமாக்கா, சங்கமித்ராதான் பேசறேன்," என்றாள். சங்கமித்ராவின் குரல். அவளுடைய அந்த லேசான கரகரப்பு, வாக்கிய முடிவில் இறங்கும் அந்தச் சோர்வு, எல்லாம். "அப்படியா! முழிச்சிட்டானா? அப்பாடா... இப்பதான்க்கா எனக்கு உயிர் வந்துச்சு. பேசினானா? சாப்பிட கேட்டானா? ஐயோ, அழாதீங்கக்கா."

சங்கமித்ரா கத்தினாள். கத்தியது பாறையில் மோதி அவளிடமே வந்தது.

மேலே மைக்கேல்ராஜ் சமையலறையிலிருந்து தரை துடைக்கும் துணியும் வாளியும் கொண்டுவந்தான். நாற்காலியின் அருகே குந்தி உட்கார்ந்து, தூங்குகிறவளின் பாதங்களிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்தான். துணியை வாளியில் பிழிந்தான். மறுபடி துடைத்தான். பிழிந்தான். உள்ளே போனில் இன்னொரு சங்கமித்ரா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், அடுத்த ஞாயிறு வாங்களேன்க்கா, நாலு பேர் சேர்ந்தா நல்லா இருக்கும் என்றாள். கீழே, இருட்டில், தண்ணீர் இடுப்பைத் தாண்டியிருந்தது.