மூன்றாவது வாக்கியம்

"கண்ணு தெரியலையா? இப்படியா வழியில நிப்பீங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் முபீனா அந்த வெள்ளைக் குச்சியைப் பார்த்தாள்.

பார்த்து என்ன செய்ய... நாக்கு முந்திக்கொண்டுவிட்டது. ஜூன் மாதத்தில் விளாங்குடியில் காலையிலேயே மழை இப்படிக் கொட்டும் என்று யார் கண்டார்கள்? நேரமாகிவிட்ட பதற்றத்தில் அவள் ஸ்கூட்டியைப் பள்ளிக்கூட கேட்டுக்குள் வளைக்க, குழியில் கிடந்த செம்மண் தண்ணீர் அப்படியே எழும்பி அந்த இளைஞனின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. தப்பு முழுக்க அவளுடையது. கோபமும் அவளுக்குத்தான் வந்தது!

"தெரியல டீச்சர்," என்றான் அவன். "தெரிஞ்சிருந்தா சேறு வர்றதுக்கு முன்னாடியே ஒதுங்கியிருப்பேன்ல?"

முபீனாவுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"மன்னிச்சிருங்க... நான் கவனிக்கல... நான் டீச்சர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பரீட்சை அன்னிக்கு லேட்டா வந்துட்டு அடுத்தவங்களத் திட்டுறது வேற யாரு?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு முதலில் கண்ணில்தான் வந்தது. நல்ல பெரிய கண்கள், பெண்பிள்ளைக்கு இருப்பது போல நீளமான இமைகள். அவை மழை பெய்யும் பக்கமே திரும்பி இருந்தன. ஆனால் மழையைப் பார்க்கவில்லை... முபீனா மட்டும் தேவைக்கு அதிகமாகவே அவனைப் பார்த்துவிட்டாள். பார்ப்பது அவனுக்குத் தெரியாது என்ற தைரியம்!

அந்தத் தைரியம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு. பார்வையில்லாத தேர்வருக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதித் தர ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் கணக்கு டீச்சர் முபீனாவை அனுப்பியிருந்தார்கள். தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேசைக்கு அந்தப் பக்கம், சேற்றுச் சட்டையோடு அவன்.

"பேரு தவ்பீக்," என்றான். "பரவை மார்க்கெட்டுல மைக்குல லாரி நம்பர் சொல்றது நான்தான். நாலாவது தடவ தமிழ் எழுத வந்திருக்கேன். மத்த நாலு பாடமும் பாக்கிதான்."

"மூணு தடவ..."

"பெயிலு. முப்பத்திரண்டு, முப்பத்துமூணு, திரும்ப முப்பத்திரண்டு. வீட்டுல உருதுதான். தமிழு தெருவுல புடிச்சது. கண்ணு பதினாலு வயசு வரைக்கும் இருந்துச்சு டீச்சர், அதுக்கப்புறம் ஒரு காய்ச்சல்ல போயிருச்சு." லாரி நம்பர் சொல்வது போலவே சொன்னான். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நான் சொல்றத எழுதுங்க. தப்போ சரியோ, நான் சொல்றத மட்டும். பாவம்னு யாரும் ஒரு புள்ளி வைக்க வேணாம்."

பாவம்... முபீனாவுக்குச் சுருக்கென்றது. முப்பது வயது. இரண்டு வருஷம் முன்னால், வேலையை விட்டால்தான் நிக்காஹ் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, இவள் முடியாது என்று சொல்ல, பேசி முடித்த கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் அவளைப் பார்க்கும் பார்வைக்குப் பெயர் அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்கு உடம்பு எரியும்.

"சத்தியமா," என்றாள்.

வாசலோரம் கண்காணிப்பாளராக உட்கார்ந்திருந்த சாவித்ரி டீச்சர், அதே பள்ளியில் முபீனாவோடு வேலை பார்ப்பவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

தேர்வு தொடங்கியது. அவள் கேள்வியை வாசிப்பாள், அவன் சொல்வான், அவள் எழுதுவாள். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு "திரும்ப வாசிங்க" என்பான். வாசிப்பாள். "ம்..." என்பான். வெளியே மழை விடாமல் பெய்தது.

முப்பத்தொன்றாவது கேள்வி. 'விளக்கு' என்ற சொல்லை மூன்று வெவ்வேறு பொருளில் அமைத்து, மூன்று வாக்கியங்கள் எழுதுக.

"இது ஈசி," என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒண்ணு. 'தெருவில் விளக்கு எரிந்தது.' ரெண்டு. 'தங்கை பாத்திரங்களை விளக்கினாள்.' மூணு..."

நின்றுவிட்டான். மேசை விளிம்பை விரல் தடவிக்கொண்டே இருந்தது. அவள் பேனாவோடு காத்திருந்தாள்.

"மூணு... 'எனக்குத் தெரியாது என்று தெரிந்தும், என் அம்மா தினமும் என் அறையில் விளக்கு ஏற்றி வைத்தாள்.'"

முபீனாவின் பேனா அசையவில்லை.

"எழுதுங்க டீச்சர். அம்மா மௌத்தாகிப் போய்ச் சேந்து எட்டு மாசம் ஆச்சு. பொழுது சாஞ்சு மக்ரிப் ஆச்சுன்னா எங்க இருந்தாலும் ஓடி வந்து என் ரூம்ல லைட்டப் போடும். எனக்கு எதுக்கும்மான்னா, நீ இருட்டுல இருக்கேன்னு எனக்குத்தானடா தெரியும்னு சொல்லும்... எழுதிட்டீங்களா?"

அந்த வாக்கியம் தப்பு. முதல் வாக்கியத்தில் வந்த அதே விளக்குதான் இதிலும். விடைக்குறிப்பை வைத்துத் திருத்துகிறவர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போகட்டும். சொன்னதை எழுதத்தானே வந்தாள்? சத்தியம் வேறு செய்திருக்கிறாள்...

கண் கலங்கி எழுத்து தெரியவில்லை. துடைத்துக்கொண்டாள். 'ஆசிரியர் பாடத்தை விளக்கினார்' என்று எழுதினாள்.

"திரும்ப வாசிங்க."

"எனக்குத் தெரியாது என்று தெரிந்தும், என் அம்மா தினமும் என் அறையில் விளக்கு ஏற்றி வைத்தாள்."

"ம்..." என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அதன்பிறகு இன்னும் நான்கு தேர்வுகள். நான்கு நாளும் முபீனா அரை மணி நேரம் முன்னாலேயே வந்தாள். கேட் அருகே ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னிக்குச் சேறு இல்லையா?" என்பான்.

"மழை இல்ல. இருந்தா அடிச்சிருப்பேன்."

"அடிங்க. அந்தச் சட்டைய இன்னும் துவைக்கல."

"சீ... எதுக்கு?"

"மறந்துட்டேன் டீச்சர். வேற எதுக்கு?" சிரிப்பு முதலில் கண்ணில்தான் வரும்.

கணக்குத் தேர்வன்று தாளின் பின்பக்கம் விரலை ஓட்டிப் பார்த்தான். "நீங்க எம்புட்டு அழுத்தி எழுதுறீங்க! வரி வரியாத் தட்டுப்படுது. பேனா பாவம்ல?"

"பாவம்னு சொல்லக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்க."

அவன் சிரிப்பதைப் பார்ப்பதற்கென்றே ஏதாவது பேசினாள். முப்பது வயதில் இது என்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டு மறுநாளும் அரை மணி நேரம் முன்னாலேயே வந்தாள்.

கடைசி நாள். நண்பன் அழகுபாண்டி பைக்கோடு கேட்டில் நின்றான். தவ்பீக் நகரவில்லை.

"பாஸானா பேங்குல டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு எழுதிப் போடலாம் டீச்சர். பாஸானா... உங்க அத்தாகிட்ட ஒரு விஷயம் கேக்கணும். அதுக்கு முன்னாடி வாயத் திறக்க மாட்டேன். சொந்தக் கால்ல நின்னுட்டுத்தான் கேப்பேன்."

தன் அப்பாவிடம் அவனுக்கு என்ன விஷயம் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே காது மடல் சூடானது... கூடவே, அந்த மூன்றாவது வாக்கியமும் நினைவுக்கு வந்தது.

ஜூலை கடைசியில் ரிசல்ட் வந்தது. முபீனாதான் முதலில் பார்த்தாள். மற்ற நான்கும் பாஸ். தமிழ், முப்பத்தைந்து.

முப்பத்தைந்து! குதித்தாள். குதித்தவள் அப்படியே நின்றாள். அந்த ஒன்று இல்லாவிட்டால் முப்பத்துநான்கு...

அவன் வருவான் என்று காத்திருந்தாள். ஒரு வாரம், இரண்டு வாரம். ஸ்கூட்டி பரவை மார்க்கெட்டைத் தாண்டும்போதெல்லாம் மைக்கில் அந்தக் குரல் லாரி நம்பர் சொல்லிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், பள்ளி விட்ட நேரம். வானம் கறுத்திருந்தது. ஆசிரியர் அறையில் அவளும் சாவித்ரி டீச்சரும் மட்டும். அழகுபாண்டி அவனைக் கொண்டுவந்து உள்ளே விட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டான். தவ்பீக் கையில் ஒரு கவர்.

"விடைத்தாள் நகல்," என்றான். "காசு கட்டி வாங்கினேன். மார்க்கப் பாக்க இல்ல. எங்கம்மாவப் பத்தி நான் சொல்லி எழுத்துல இருக்கிறது அந்த ஒரு வரிதான். அத வெட்டி எடுத்து வீட்டுல ஒட்டி வைக்கலாம்னு நினைச்சேன். அழகுபாண்டிய வாசிக்கச் சொன்னேன்."

முபீனா எழுந்து நின்றாள்.

"மூணு தடவ வாசிக்கச் சொன்னேன் டீச்சர். எங்கம்மா அதுல இல்ல."

மழை பிடித்துக்கொண்டது. யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை.

"தவ்பீக்... நான்..."

"வீட்டுல எல்லாரும் ஸ்வீட்டு குடுத்துட்டாங்க. பாஸானவன் திரும்ப எழுதவும் முடியாதாம். நீங்க போட்ட பிச்சையில நான் பாஸு. இதே கையோட வந்து உங்கத்தாகிட்ட பொண்ணு கேக்கவா? அதையும் பாவம் பாத்துக் குடுப்பீங்களே!"

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவளை எந்தச் சொல் இரண்டு வருஷமாகச் சுட்டதோ, அதையே எடுத்து அவனுக்குச் சூடு வைத்திருக்கிறாள்...

"பேப்பரு எடுங்க," என்றான். "தேர்வுத் துறைக்கு ஒரு லெட்டர். எழுத ஆள் இல்லாம வரல. நீங்கதான் எழுதணும். இந்தத் தடவயாச்சும் நான் சொல்றத எழுதுங்க."

எடுத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். அதே மேசைத் தூரம்.

"ஐயா. ஜூன் துணைத்தேர்வில் தமிழில் எனக்கு முப்பத்தைந்து மதிப்பெண் வந்துள்ளது. அதில் ஒன்று என்னுடையது அல்ல. எனக்காக எழுத வந்த ஆசிரியை முபீனா, மூன்றாவது வாக்கியத்தை நான் சொன்னபடி எழுதவில்லை..." கொஞ்சம் நிறுத்தினான். "திரும்ப வாசித்துக் காட்டும்போதும் பொய் சொன்னார். அந்த ஒரு மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்."

எழுதினாள். தன் பெயரை எழுதினாள். பொய் என்று எழுதினாள்.

"திரும்ப வாசிங்க... வேணாம். சாவித்ரி டீச்சர், நீங்க வாசிங்க."

சாவித்ரி டீச்சர் வாசித்தார். சொன்னது சொன்னபடி இருந்தது.

"ஒரு எழுத்தக்கூட விடல தம்பி," என்றார். "இது போச்சுன்னா இவளுக்கு மெமோ வரும். தெரிஞ்சுதான் எழுதியிருக்கா. பொய்யின்னு வர்ற எடத்துல மட்டும் மை கலைஞ்சிருக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டு, அழகுபாண்டியைக் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். விவரமானவர்.

பிறகு அவன் குரல், கோபமெல்லாம் வடிந்து போய்...

"ஏன் டீச்சர்? நீங்க போயி... ஏன்?"

முபீனா கைப்பையிலிருந்து தன் டைரியை எடுத்தாள். ஜூன் மாதத்துப் பக்கத்தைத் திறந்தாள்.

"அந்த வரி தப்புன்னு தெரியும். திருத்துறவங்க சிவப்பு மையில அதுமேல ஒரு கோடு போடுவாங்க. உங்கம்மா மேல ஒருத்தர் கோடு போடுறத... என்னால தாங்க முடியல. அம்புட்டுத்தான். மார்க்க நெனச்சுச் செய்யல. செஞ்சது தப்பு. சத்தியத்த மீறிட்டேன். ஆனா உங்கம்மாவ நான் தொலைக்கல தவ்பீக். அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயி இதுல எழுதி வச்சேன். நீங்க சொன்னபடியே."

அவன் கையைப் பிடித்துப் பக்கத்தின் பின்பக்கம் வைத்தாள். முதன்முதலாக அவனைத் தொட்டது அப்போதுதான். அழுத்தி எழுதிய ஒன்றரை வரி. விரல் மெல்லப் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது.

"எங்க இருக்கு... அம்மா?"

விரலை நகர்த்தி வைத்தாள். "இங்க."

அவன் அழுதான். அந்தப் பெரிய கண்கள் வேறு எதற்குப் பயன்பட்டனவோ இல்லையோ, அழுவதற்கு நன்றாகவே பயன்பட்டன. அவளும் அழுதாள்.

"லெட்டரக் கிழிச்சிருங்க," என்றான் கடைசியில்.

"மாட்டேன்." கடிதத்தை மடித்துக் கவரில் போட்டாள். "இது நீங்க சொன்னது. இதுலயும் நான் கை வைக்க மாட்டேன். நாளைக்குத் தபால்ல சேத்துருவேன்."

"உங்களுக்கு மெமோ வரும்."

"வரட்டும்."

"நான் திரும்ப பெயிலாயிருவேன் முபீனா." பெயரைச் சொன்னது அவனுக்கே தெரியவில்லை. "பாஸானாத்தான் உங்க வீட்டுக்கு வாரேன்னு சொல்லியிருந்தேன். அதுவும் போச்சு. இனி எந்த முகத்தோட கேக்க..."

"நீங்க கேக்க வேணாம்."

அவன் தலை குனிந்துகொண்டான். குச்சியைத் தேடி எடுத்தான். எழுந்து இரண்டு அடி வைத்தான்.

இப்போது சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான். மைக்கில் லாரி நம்பர் சொல்லும் குரலை மட்டும் காலமெல்லாம் ரோட்டில் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"நான் கேக்குறேன்," என்றாள். "உங்கள எனக்குப் புடிச்சிருக்கு. பாவம்னு இல்ல. நீங்க பாஸானாலும் பெயிலானாலும், மக்ரிப் ஆனா உங்க ரூம்ல நான் லைட்டப் போடணும். என்னைக் கட்டிக்கிறீங்களா?"

வாசல் நிலையைப் பிடித்தபடி அவன் அப்படியே நின்றான். முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்கியது. தேர்வு அறையில் கேட்பது போலவே, மெதுவாகக் கேட்டான்.

"திரும்ப வாசிங்க..."

அவள் சொன்னாள். ஒரு சொல்லும் மாறாமல்.