இரண்டாம் நாயகனின் மூக்கில் ஒரு சொட்டு ரத்தம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி அடித்தால் அங்கயற்கண்ணி இறந்துபோன தன் கணவனோடு சண்டை போட உட்கார்ந்துவிடுவாள். நான்கிலிருந்து ஐந்து வரை. அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. ஐந்தடித்தால் அவன் படப்பிடிப்புக்குப் போயாக வேண்டும்.

நிலவின் தென்முனையில், மூன்றாம் வளாகத்தில், இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏறிப் பனி வெட்ட வந்தவர்கள், தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்துச் சனங்கள், மூவாயிரம் பேர் அங்கே இருந்தார்கள். வேலை முடிந்து காற்று வாங்கக் கடற்கரையா இருக்கிறது? காற்றே கிடையாது. சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். சுவரில் தொடர் ஓடும்.

அவள் கணவன் நம்பிராஜனும் பனி வெட்ட வந்தவன்தான். தொடரில் நடிக்கப் பூமியிலிருந்து முகம் தேடி வந்த தொடர்க்கூடத்தார் ஒருநாள் உணவுக்கூடத்தில் அவனைப் பார்த்தார்கள். அவன் தன் தட்டிலிருந்த வாழைக்காய் வறுவலைச் சத்தமில்லாமல் மனைவியின் தட்டுக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். "இதுதான் இரண்டாம் நாயகன் முகம்" என்று கையோடு அவன் முகம், குரல், நடை எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நகலுக்கு நிழலுரு என்று பெயர். மறு வருஷம் ஒரு பனிச்சரிவில் நம்பிராஜன் போய்ச் சேர்ந்தான். நிழலுரு தன் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்தது.

நிழலுருவுக்கு வாரம் ஒரு மணி நேரம் குடும்பத்தோடு பேச விட வேண்டும் என்பது சட்டம். இரக்கப்பட்டுப் போட்ட சட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓயாமல் நடிக்கும் நிழலுரு ஒரு கட்டத்தில் சிரிக்க மறந்துவிடுகிறது. வீட்டாரோடு வாயாடினால்தான் முகத்தில் களை நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எதற்காகப் போட்டால் என்ன, கண்ணிக்கு அந்த ஒரு மணி நேரம்தான் வாரம் முழுவதற்கும் சோறு தண்ணீர்.

அந்த ஞாயிறு அவள் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். "நேத்து என்னது அது, உங்க மூக்குல?"

அவள் பேச்சு பூமிக்குப் போய் அவன் பதில் திரும்பி வர இரண்டரை விநாடி பிடிக்கும். உயிரோடு இருந்தபோதும் அவன் பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவன்தான். அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது.

"ஒரு சொட்டு ரத்தம்" என்றான் நம்பிராஜன். "அன்னன்னைக்குக் காலையிலதான் வசனம் தருதாங்க. எனக்கே அப்பந்தான் தெரியும்."

"ஒரு சொட்டுதான்னு சொல்லுதிய. எத்தன தொடர் பாத்திருப்பேன். பன்னெண்டாம் பாகத்துல மூக்குல ரத்தம் வந்தவன் பதினாறாம் பாகத்துல உயிரோட இருந்திருக்கானா?"

இந்தத் தடவை இரண்டரை விநாடிக்கு மேல் ஆயிற்று. "நீ எலுமிச்சை ஊறுகாய் போட்டியா, இல்ல மறந்துட்டியா? அதச் சொல்லு மொதல்ல" என்றான். ஏன் பேச்சை மாத்துதிய என்று அவள் பிடித்துக்கொண்டாள். ஐந்து மணி வரை அதே சண்டை ஓடியது.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. தொடரின் பெயர் 'பனிப்பூ வீதி'. கொரியாவின் சியோல் பாணித் தொடர், பதினாறு பாகம், சனிக்கிழமை தோறும் இந்திய நேரம் மாலை ஏழு மணிக்கு ஆசியா முழுக்கவும் நிலவிலும் ஒரே நேரத்தில் ஓடும். இந்த வகைத் தொடரின் சட்டதிட்டம் உங்களுக்குத் தெரியாததா? நாயகன் பெரிய நிறுவனத்தின் ஒரே வாரிசு. யாரிடமும் மரியாதையாகப் பேச வராது. நாயகியை மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். அதைக் காதல் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் குடை கொண்டுவருகிறவன் இரண்டாம் நாயகன். குடையை அவளிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைவான். நாயகி அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டே அந்த முரடனிடம் போய்ச் சேருவாள். பார்ப்பவர்கள் எல்லாரும் நல்லவனுக்காக உருகுவார்கள், அவனுக்கு மூக்கில் ரத்தம் வரும்.

மற்றவர்களுக்கு அது கதை. கண்ணிக்கு அப்படியில்லை. தொடரில் செத்த முகத்தை அடுத்த தொடரில் போட்டால் பார்ப்பவர்களுக்கு ஒட்டாது என்று, செத்த நிழலுருவை அழித்துவிடுவது தொடர்க்கூடத்து வழக்கம். கதையில் அவன் செத்தால் நான்கு மணியும் கிடையாது, சண்டையும் கிடையாது.

அவள் நேரே ஜெபமணியிடம் ஓடினாள். ஜெபமணி பனியுருக்கு ஆலையின் மேற்பார்வையாளர். மூன்றாம் வளாகத் தொடர் ரசிகர் சங்கத்தின் தலைவியும் அவர்தான். இரண்டாவது வேலையில்தான் அவருக்கு நாட்டம் அதிகம்.

"ஏட்டி, நீ எதுக்குக் கலங்குத? எழுதிப் போடுவோம். மூவாயிரம் பேரு எழுதுனா அவனுவளுக்கு உறைக்காதா?" என்றார் ஜெபமணி.

ஆசியத் தொடர்கள் எழுத்தாளர்களை விட்டு ரொம்ப காலம் ஆகிறது. கதைப்பொறி என்ற இயந்திரம், பார்ப்பவர்களின் கருத்தை வாங்கி அதன்படி அடுத்த பாகத்தை எழுதும். கருத்துச் சொல்ல ஒரே ஒரு நிபந்தனை: பாகத்தை முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரு முறை பார்த்தால் ஒரு கருத்து. பார்ப்பதற்கு விழிமானி என்ற மெல்லிய கண்ணாடியை மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினால்தான் சுவர் ஒளிரும்.

ஆகவே சங்கத்தார் உணவுக்கூடத்தில் கூடி, மூக்கில் ரத்தம் வந்த பாகத்தை முதலிலிருந்து பார்த்தார்கள். மூவாயிரம் பேரும் விம்மி விம்மி அழுதார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'எங்கள் நம்பிராஜனைக் கொல்லாதே' என்று எழுதினார்கள். ஒரு கருத்து போதாது என்று ஜெபமணி சொன்னதால் மறுபடி பார்த்து மறுபடி எழுதினார்கள். சிலர் ஒரே வாரத்தில் ஒன்பது தடவை பார்த்தார்கள். சங்கதி மணிலா, ஜகார்த்தா, யாழ்ப்பாணம் என்று பரவியது. ஒரு கோடிப் பேர் அழுதுகொண்டே எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

பதின்மூன்றாம் பாகத்தில் நம்பிராஜனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

அந்த ஞாயிறு சுவரில் அவன் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்தான். "வேஷமா?" என்றாள் கண்ணி.

"இல்லட்டி. ஆளையே இளைக்க வச்சிட்டாங்க. நல்லாருக்கா?"

"என்னத்த நல்லாருக்கு?"

"கூடத்துல எல்லாரும் சொல்லுதாங்க, இந்தத் தொடர்லயே நான்தான் நல்லா நடிக்கேனாம்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் களை இருந்தது. அவளுக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் முன்னால் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

சங்கம் இன்னும் மும்முரமாகப் பார்த்தது. இன்னும் காட்டமாக எழுதியது. பதினான்காம் பாகத்தில் நம்பிராஜன் தலைமுடி கொட்டி, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, நாயகியின் கல்யாணத்துக்குப் பூ வாங்கப் போனான். அது போதாதென்று அங்கே மழை வேறு பெய்தது.

அதற்குமேல் கண்ணியால் தாங்க முடியவில்லை. தொடர்க்கூடத்தின் ரசிகர் தொடர்பு அலுவலரைக் கூப்பிட்டாள். விஸ்வேஸ்வரன் என்று பெயர். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க எழுதினது எல்லாமே பொறிக்குப் போயிடுச்சு மேடம். ஒண்ணையும் விடலை."

"பெறவு ஏன் சார் இப்படிப் பண்ணுதிய? ஒரு கோடிப் பேரு வேண்டாம்னு சொல்லுதோம்."

"எழுத்துக்கு நூத்துல ஒரு பங்குதான் மேடம் மதிப்பு. மீதித் தொண்ணூத்தொம்பதும் கண்ணுக்கு. விழிமானி கண்ணீரை அளக்கும், இமைக்காம எவ்வளவு நேரம் பாக்குறீங்கன்னு அளக்கும், எத்தனை தடவை திரும்பப் பாக்குறீங்கன்னு அளக்கும். இந்தத் தொடர்லயே அதிகமா பாத்தது, அதிகமா அழுதது உங்க வீட்டுக்காரர் கஷ்டப்படுற இடங்களைத்தான். அதனால பொறி அதையே கூட்டிக்கிட்டுப் போகுது."

"எழுதுனதுக்கு மதிப்பே இல்லையா அப்ப?"

"ஒரு காலத்துல எழுதினதைத்தான் நம்பினாங்க. அழுகைத் தொடர் வேண்டாம், அரைச்ச மாவையே அரைக்கிறாங்கன்னு எல்லாரும் எழுதினாங்க. சரின்னு மாத்தி எடுத்தா ஒருத்தரும் பாக்கலை. அதுக்கப்புறம்தான் கண்ணை நம்ப ஆரம்பிச்சாங்க."

மூவாயிரம் பேரைக் கூட்டிவைத்து, ஒன்பது தடவை பார்க்கச் சொல்லி, தன் புருஷனைக் கட்டிலில் தள்ளியது தான்தான் என்று கண்ணிக்கு அப்போதுதான் விளங்கியது. "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"பதினஞ்சாம் பாகத்துல முப்பத்தெட்டாவது நிமிஷத்துல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணுல பிழைக்கிறார், ஒண்ணுல இல்லை. சாகிற மாதிரி ஒரு நிமிஷம் காட்டும். அந்த நிமிஷம் கண்ணுங்க கூடுதா குறையுதான்னு பாத்துப் பொறி முடிவு பண்ணும்." விஸ்வேஸ்வரன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சொன்னதா சொல்லாதீங்க. பாக்காம இருங்க. அவ்வளவுதான்."

இதைவிடச் சுலபமாக ஓர் உயிரைக் காப்பாற்ற முடியுமா? ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும். கண்ணி உணவுக்கூடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று சொன்னாள். ஜெபமணி எல்லாரையும் கையுயர்த்தச் சொன்னார். மூவாயிரம் கைகள் உயர்ந்தன. மணிலா ஒப்புக்கொண்டது, ஜகார்த்தா ஒப்புக்கொண்டது. யாழ்ப்பாணத்துச் சங்கம் விழிமானிகளைப் பூட்டிவைத்துச் சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டதாகத் தகவல் அனுப்பியது.

சனிக்கிழமை ஏழு மணி. வளாகத்தின் எல்லாச் சுவர்களும் இருண்டு கிடந்தன. கண்ணி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, விழிமானியைச் சமையல் மேடையில் கவிழ்த்துவைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நடைவழியில் ஒரு சத்தம் இல்லை. அந்த அமைதியைக் கேட்டு அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. நம்ம சனம் நம்ம சனம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழு இருபதுக்கு ஜெபமணி தன் அறையில், தலைவி என்ற முறையில் யாராவது பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் விழிமானியை மாட்டினார். பக்கத்து அறைக்காரர், மூவாயிரத்தில் ஒருவர் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று மாட்டினார். எதிர் அறைக்காரி, பார்க்கலாம் ஆனால் அழக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொண்டு மாட்டினாள். அத்தனை கதவுகளும் சாத்தியிருந்ததால்தான் நடைவழி அவ்வளவு அமைதியாக இருந்தது. யாழ்ப்பாணத்துத் தலைவரிடம் சாவி இருந்தது.

ஏழு முப்பத்தேழுக்குக் கண்ணி திரும்பினாள். திட்டம் பலிக்காமல் போனால், அவன் முகத்தைப் பார்க்க இதுவே கடைசி நிமிடமாக இருந்துவிட்டால்? பிழைத்துவிட்டானா என்று தெரிந்துகொள்ளக்கூடப் பார்க்கத்தானே வேண்டும்? ஒரே ஒரு நிமிஷம், மூக்கை உறிஞ்சக்கூட மாட்டேன் என்று சாமியை நினைத்துக்கொண்டு மாட்டினாள்.

நம்பிராஜன் ஆஸ்பத்திரிச் சன்னலோரம் படுத்திருந்தான். சாப்பாட்டுத் தட்டில் அவனுக்கு வைத்ததை, சத்தமில்லாமல், பக்கத்தில் இருந்த நாயகியின் தட்டுக்குத் தள்ளிவிட்டான். அந்தக் கை அசைவு கண்ணிக்குச் சொந்தமானது. அவளுக்காக மட்டும் இருந்தது. கண்ணி வாய்விட்டு அழுதாள். ஆசியா முழுக்க அந்த நிமிடத்தில் கண்கள் குறையவில்லை, கூடின. முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் நம்பிராஜன் இறந்துபோனான்.

மறுநாள் தொடர்க்கூடத்திலிருந்து அவளுக்கு நன்றிக் கடிதம் வந்தது. நிலவிலேயே அதிகக் கண்ணீர் சிந்திய ரசிகை என்று பாராட்டியிருந்தார்கள். இந்தப் பாகம் குறித்துத் தங்கள் மேலான கருத்தை எழுதவும் என்று கீழே கட்டம் போட்டிருந்தது. அவள் அதில் ஒன்றும் எழுதவில்லை.

அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான்கு மணிக்கு அவன் வந்தான். கன்னம் பழையபடி உப்பியிருந்தது; முடியும் வந்திருந்தது. அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் அவன் கேட்டுவிட்டான்.

"பாத்தியாட்டி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. "பாத்தேன்" என்றாள்.

"அந்தத் தட்டு? வசனத்துல இல்லாதது. நானாச் சேத்தேன்." இரண்டரை விநாடி. "அழுதியா?"

"அழுதேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். தாங்க முடியல."

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ பார்க்காமல் இருந்துவிடுவாயோ என்று பயந்துகொண்டே நடித்தேன் என்றான். எந்த இடத்தில் முதலில் அழுதாய், தட்டுக்கு முன்பா பின்பா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று சண்டை போட நேரமே இல்லாமல் ஐந்து மணி ஆகிவிட்டது.

அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகள் நான்கு மணிக்கு அவள் இருண்ட சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்காமல் ஜெபமணி ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார். சங்கத்தில் அந்தப் பாகத்தைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை. எல்லாரும் மற்றவர்கள்தான் பார்த்துவிட்டார்கள் என்று உறுதியாக நம்பினார்கள். அதில் பெரிய வருத்தமும் இருந்தது.

"ஏட்டி கண்ணி, இப்படியே உக்காந்திருந்தா எப்படி? புதுத் தொடர் ஒண்ணு ஓடுது. அதுல ரெண்டாவதா வாரவன் அம்புட்டு நல்ல பையன். போன வாரம் குடையக் குடுத்துட்டு நனைஞ்சான். இன்னைக்கு லேசா இருமுதானாம்."

"எனக்கு வேண்டாம் அக்கா."

"அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பால்லா? நம்ம கண்ணு முன்னால இன்னொண்ணு நடக்க விடலாமா? எழுதிப் போடுவோம். இந்தப் பையனையாவது காப்பாத்தணும்."

மணி ஏழாகப் போகிறது. கண்ணி முந்தானையால் விழிமானியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.