பின் வரிசைச் சிரிப்பு

பதினோரு பேர். குடும்பத்தோடு பார்க்கிற நகைச்சுவைப் படம், ஞாயிற்றுக்கிழமை மேட்னி... எண்ணிப் பதினோரு தலை! அதிலும் ரெண்டு தூங்கி வழிந்தது.

அவளுக்கு அலுப்பாக இருந்தது. டைரக்டர் அவளுடைய அப்பாதான். இதற்கு முன் ஒன்பது படம் எடுத்தவர், ஒன்றுகூட சோடை போனதில்லை. ஆனால் தன் படத்தைத் தியேட்டரில் பார்க்க மட்டும் மனுஷனுக்கு தைரியம் கிடையாது. ஜனம் எங்கே சிரிக்கிறது என்று கேட்டுவர மகளைத்தான் அனுப்புவார். ரெண்டு நாளாக, ‘பரவாயில்லப்பா’ என்று மழுப்பியாயிற்று. இன்றைக்கு என்னத்தைச் சொல்ல?

ஒவ்வொரு ஜோக்குக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் கல்லுப் பிள்ளையார்கள். திரையில் மாமனார் மூன்றாவது தடவையாக வழுக்கி விழுந்தார்.

கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு... வயிறு குலுங்க!

திரும்பினாள். தனியாக ஒருத்தன். அகலமான கண்கள்... அவளையே பார்த்தன. அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஒரு ஜோக்கையும் அவன் விடவில்லை.

வெளியே மழை. வாசலில் ஓடிப்போய் அவனைப் பிடித்தாள்.

“எந்த சீன் ரொம்பப் பிடிச்சுது சார்?”

திருதிருவென்று விழித்தான். “உண்மையைச் சொல்லட்டுமா? செம அறுவைங்க. நான் பல் டாக்டர்... என்கிட்ட பல்லைப் பிடுங்கிக்கிறவங்ககூட இவ்ளோ கஷ்டப்பட்டதில்ல.”

“டைரக்டர் எங்கப்பா.”

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அப்புறம் எதுக்கு சிரிச்சீங்க? பாவம்னு பிச்சை போட்டீங்களா?” விருட்டென்று மழையில் இறங்கிவிட்டாள்.

“ஐயோ, நில்லுங்க! நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதே...” அவனும் நனைந்துகொண்டே வந்தான். “யாரும் சிரிக்கலைன்னு உங்க முகம் வாடிப்போச்சு. தாங்கல... சும்மா ஒரு தடவை சிரிச்சேன். அப்ப அந்த முகம் மலர்ந்துச்சு பாருங்க... அதுக்கப்புறம் நிறுத்த முடியல. நாளைக்கும் வருவீங்கன்னா, இந்தக் கொடுமையை நாளைக்கும் பார்ப்பேன்.”

கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ! போன் அடித்தது. அப்பா.

“யாராவது சிரிச்சாங்களாம்மா?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “இல்லப்பா. படத்துக்கு யாருமே சிரிக்கல.”

பெருமூச்சு கேட்டது. “எடுக்கும்போதே தெரியும்மா... நீயும் பொய் சொல்லிச் சொல்லி ஓய்ஞ்சு போயிருப்ப. வீட்டுக்கு வா.”

“ஒருத்தர் மட்டும் சிரிச்சார்ப்பா... எனக்காக.” அவனைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. கூட்டிட்டு வரட்டுமா?”