முன்னால் வந்த பெட்டி

பிணத்தைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டியை இரண்டு பேர் வண்டியிலிருந்து இறக்கிச் சசிகலாவின் வாசலில் வைத்தபோது, அந்த வீட்டில் யாரும் செத்திருக்கவில்லை.

"வூடு மாறி வந்துட்டீங்க," என்றாள்.

"பூவரசன் வூடுதானுங்களே? தலைவர் ஆபீசுல இருந்து போன் பண்ணாங்க. பிளக்கு எங்கக்கா இருக்குது?"

அவள் புருஷன் பூவரசன் காலையில்தான் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தான். ஏரி மண்ணை அள்ளி விற்பதில் ஊராட்சித் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு என்று மனு கொடுக்க. இதே மனுவோடு முன்பு போன மாதப்பன் ஏரிப் பள்ளத்தில் மிதந்தான். அவனுக்குப் பிறகு சவுரியப்பன். தவறி விழுந்ததாக எழுதி முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் உடலுக்கு முன்பே பெட்டி வந்து நின்றது. தலைவருக்கு நல்ல மனசு என்றுதான் ஊர் பேசியது.

ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சொருகியதும் மோட்டார் ஒருமுறை இருமி, பிறகு அடித்தொண்டையில் முனகத் தொடங்க, காலிப் பெட்டிக்குள் வெள்ளை விளக்கு எரிய, யாருக்கோ போட்ட சம்பங்கி மாலையின் வாடை பினாயிலோடு கலந்து அந்தி வாசலெங்கும் பரவ, கண்ணாடியில் மெல்ல மெல்லப் பனி படிந்தது.

போன் போட்டாள். எடுத்தான்.

"கடத்தூர்ல எறங்கிட்டேன். தலைவரு கார்ல ஏத்திக்கிட்டாரு. பேசி முடிச்சுக்கலாம்ங்கறாரு."

"எறங்கிருங்க. வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கிருங்க."

பேச்சு அறுந்தது.

கடத்தூர்ப் பக்கம் ஓடுவதற்காக வாசலில் இறங்கினாள். அந்த மோட்டார் சத்தம் தெருவுக்குப் பழக்கம். பெண்கள் தலைவிரித்து வந்துகொண்டிருந்தார்கள். மாதப்பன் பெண்டாட்டி பாஞ்சாலி முதலில் வந்து, தாலியறுக்கப் போகிறவளைப் பிடிப்பதுபோல் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"வுடுக்கா. அவரு உசுரோட இருக்காரு. இப்பதான் பேசுனாரு."

"நானும் அன்னைக்கி இதையேதான் சொன்னேன், கண்ணு."

பிடி தளரவில்லை.

இன்னொரு கை. இன்னொரு தோள். ஒப்பாரி எழுந்தது. யாரோ அவள் போனைப் பிடுங்கித் திண்ணையில் வைத்தார்கள்.

அது அடித்தது. அவன் பெயர்.

அவள் கைக்கு எட்டவில்லை.

அடித்தது.

நின்றது.

ஒருத்தி முந்தானையால் கண்ணாடிப் பனியைத் துடைத்தாள். காலிப் பெட்டிக்குள் உற்றுப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.