லோங்காங்குக்குப் போன கிணறு

தங்கை கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று தம்புசாமி வீட்டைச் சுற்றிச் சிமெண்டு போட்டார். வாசல், பக்கங்கள், கிணற்றடி என்று ஓர் இடம் விடவில்லை. கிள்ளான் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பத்துக் கிராமத்தில் அப்படி ஒரு வாசல் வேறு யாருக்கும் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகும், வீட்டுக்கு வருகிறவர்களை நிறுத்தி வைத்துக் காட்டுவார்.

“எப்படிச் சரிவு வச்சிருக்கேன் பாருங்க. எவ்ளோ மழ பேஞ்சாலும் ஒரு சொட்டு நிக்காது லா. எல்லாம் நேரா லோங்காங்குக்குப் போயிடும்.”

லோங்காங் என்பது தெருவோரச் சாக்கடை. இந்தச் சரிவுப் புராணத்தைக் கேட்டுக் கேட்டு அவர் மகள் சீதாலெட்சுமிக்குக் காது புளித்துவிட்டது. அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

அவளுக்கு இப்போது வேறு கவலை. வீட்டுக்குப் பின்னால் அம்மா நல்லம்மாள் கீரையும் வெண்டையும் போட்டிருந்தாள். காலையில் பறித்து பாசாரில் விற்பாள். அந்த ஆண்டு குழாய்த் தண்ணீரையே முறை வைத்துத்தான் விட்டார்கள். பாத்திகளுக்குக் கிணறுதான் கதி. அந்தக் கிணற்றிலோ வாளி அடி மண்ணைத் தட்டியது.

“அடுத்த மாசம் கையுறை பேக்டரில சேந்துடுறேன்,” என்றாள் அம்மா, சாப்பிடும்போது. “அங்க வேல செய்ற இராஜம்மாக்கா பேசி வச்சிருக்காங்க. நைட் ஷிப்டு.”

சீதாலெட்சுமி தட்டைத் தள்ளி வைத்தாள். பள்ளிவிட்டு வந்ததும் பாத்தியோரம் குந்தி, அன்றைய கதை முழுவதையும் அம்மாவிடம் கொட்டுவது அவள் வழக்கம். அம்மா பகலெல்லாம் தூங்கினால் யாரிடம் சொல்வது?

“மழ வந்தா கிணறு ஏறிடும்மா.”

“மழதான் போன வாரத்துலேருந்து பேயுதே. ஏறலையே.”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. மறுநாள் கயிற்றை இறக்கி, வாளி தண்ணீரைத் தொட்டதும் கயிற்றில் கை பிடித்திருந்த இடத்தில் தன் சிவப்பு ரிப்பனைக் கட்டினாள். அதே வாளியும் கயிறுமாகப் பக்கத்து வீட்டுக் கன்னையா அங்கிளிடம் தண்ணீர் கேட்கப் போனாள்.

கன்னையா வீட்டு வாசல் ஒரே சேறு. நான்கைந்து வாத்துகள் அதில் உருண்டன. தம்புசாமி அதை ‘எருமை வாசல்’ என்று கேலி செய்வார். ஆனால் அந்தக் கிணற்றில் வாளியை விட்டதும் சீக்கிரமே ‘தொப்’ என்றது. ரிப்பன் இன்னும் அவள் காலடியிலேயே கிடந்தது.

“உங்க வீட்ல மட்டும் தனி மழயா அங்கிள்?”

“ஒரே மழதான் லா,” என்று சிரித்தார் கன்னையா.

அன்று மாலை மழை கொட்டியது. சீதாலெட்சுமி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தாள். கன்னையா வாசலில் தண்ணீர் குட்டையாகத் தேங்கியது. மழை விட்டதும் குட்டை கொஞ்சம் கொஞ்சமாக வற்றி மண்ணுக்குள் போனது. அவர்கள் வீட்டுத் தண்ணீரோ அப்பாவின் சரிவில் சறுக்கிக்கொண்டு லோங்காங்குக்கு ஓடியது.

‘அங்கே மண் குடிக்குது. இங்கே லோங்காங் குடிக்குது.’

சிமெண்டை உடைக்கச் சொன்னால் அப்பாவுக்கு மனம் உடைந்துவிடும். அவள் யோசித்துப் பேசினாள்.

“அப்பா, உங்க வாசல் அப்படியே இருக்கட்டும். கூர தண்ணி எறங்குற குழாய மட்டும் பின்னால திருப்பித் தரீங்களா? நான் ஒரு குழி வெட்டுறேன்.”

“குழி ரொம்புனா கொசு வரும் லா.”

“ரொம்பாதுப்பா. அடியில கல்லு, மேல மணலு. டீச்சர் சயின்ஸ்ல போத்தல்ல செஞ்சு காட்டுனாங்க. தண்ணி அழுக்க விட்டுட்டு கீழ எறங்கிடும்.”

தம்புசாமி நம்பவில்லை. ஆனாலும் குழாயைத் திருப்பிக் கொடுத்தார். கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி, பாத்தியோரத்தில் அவள் வெட்ட, அம்மாவும் மண்வெட்டி பிடித்தாள். கல்யாண வேலையில் மிஞ்சிய உடைந்த செங்கல்லும் மணலும் குழிக்குள் போயின.

முதல் மழையைக் குழி மடக் மடக்கென்று குடித்தது. ஆனால் கிணற்றில் வாளியை விட்டால், ரிப்பன் கைக்கு வந்த பிறகுதான் அது தண்ணீரைத் தொட்டது. இரண்டாவது மழைக்கும் அப்படியே.

“இஞ்சினியரம்மா, குழிக்கு இன்னும் தாகம் தீரலையா?” என்று சீண்டினார் அப்பா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இராஜம்மா வேறு வந்து, அம்மா பேக்டரியில் எப்போது சேரப் போகிறாள் என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மழை தினமும் பெய்தது. குழியும் சளைக்காமல் குடித்தது. மாதம் முடியப்போகும் நேரம், ஒரு காலையில் அம்மா கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்.

“சீதா, இங்க வாயேன்.”

வாளி தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ரிப்பன் சிமெண்டுத் தரையில், சுருட்டிய கயிற்றுக்கு நடுவே கிடந்தது.

அம்மா வாளியை இழுத்து முதல் பாத்தியில் ஊற்றினாள். பிறகு, “இராஜம்மாக்காவ வேற ஆளு பாத்துக்கச் சொல்லிடுறேன்,” என்றாள்.

அடுத்த வாரம் பந்திங்கிலிருந்து தங்கை மாப்பிள்ளை வந்தார். தம்புசாமி அவரை வாசலில் நிறுத்தவே இல்லை. நேராகப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

“எப்படிக் குழி போட்டிருக்கேன் பாருங்க மாப்ள. கூரைல விழுற தண்ணி ஒரு சொட்டு லோங்காங்குக்குப் போவாது லா.”

“யாரு போட்ட குழி?” என்று பாத்தியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

தம்புசாமி தலையைச் சொறிந்தார். “எங்க இஞ்சினியரம்மாதான்,” என்று கையைக் காட்டினார்.

இஞ்சினியரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்தியோரம் குந்தி, கையெல்லாம் சேறாக, அன்றைய பள்ளிக்கூடக் கதையில் பாதியைத்தான் அம்மாவிடம் சொல்லி முடித்திருந்தாள்.