முப்பத்தெட்டுக்கு ஒரு மார்க்

நடிகர் செத்துக்கொண்டிருந்தார்...

நான்கு பேர் கட்டிலருகே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான்கு பேருமே அசந்துபோனார்கள். இன்றைக்கு மனிதர் என்னமாய் நடிக்கிறார் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

அது டாக்டருக்குத் துணையாக நோயாளிகளைப் பார்க்கும் பிசிஷியன் அசிஸ்டென்ட் ஆவதற்கான பட்டமேற்படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு. கட்டிலில் கிடந்தவர் நோயாளி இல்லை. நெஞ்சுவலி வந்ததுபோல் நடிப்பதற்காகக் கல்லூரி அமர்த்தியிருந்த மேடை நடிகர். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகுவார். மாணவர்கள் கேள்வி கேட்டு, நாடி பிடித்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். எட்டு நிமிஷம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பேராசிரியர், மைக்கும் மார்க் ஷீட்டுமாக.

ஐந்தாவதாக உள்ளே வந்தாள் நிதானம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது பேராசிரியர் வைத்தது. மற்றவர்கள் பதினைந்து விநாடி நாடியை எண்ணி நாலால் பெருக்குவார்கள். இவள் முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவாள். நேரம் போதாமல் ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில். இந்த மூன்றாவது முறையும் போனால் கல்லூரி மூட்டை கட்டச் சொல்லிவிடும். ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவள். அண்ணன் வேறு, பார்க்கிறவர்களிடமெல்லாம் தங்கச்சி முக்கால் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தான்.

மணிக்கட்டைத் தொட்டாள். ஜில்லென்று ஈரமாக இருந்தது.

முனகலை நடிக்கலாம்... வியர்வையை?

எண்ணினாள். முழு நிமிஷம்.

"நாடி முப்பத்தெட்டு," என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "சார், இவருக்கு நிஜமாவே முடியல. தேர்வை நிறுத்துங்க."

ஸ்பீக்கர் கரகரத்தது. "நேரம் ஓடுது. அடுத்த கேள்விக்குப் போ."

"சார்..."

"போன்னு சொன்னேன்."

நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாக அவசரப்பட்டாள். ஓடிப்போய்ச் சுவரிலிருந்த அபாயப் பொத்தானை அடித்தாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, முதல்வரின் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் மார்க் ஷீட்டுகள், பேராசிரியர் காலையில் விடை எழுதி வைத்து இப்போது பிரிக்கப்பட்டிருந்த உறை, ஒரு கைவிலங்கு. நடிகர் தீவிர சிகிச்சையில் இருந்தார். உயிர் இருந்தது, பேச்சு இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளை யாரோ அவர் காபியில் கரைத்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய இடைவேளையில் காபி மேஜை எல்லோருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் கரைத்திருக்கலாம்.

"உனக்கு முன்னாடி வந்த நாலு பேரும் நாடி எழுபத்திரெண்டுன்னு சொல்லியிருக்காங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "நீ மட்டும் முப்பத்தெட்டு. எப்படிம்மா?"

"எண்ணினேன் சார்."

"அவங்க எண்ணலையா?"

பட்டமேற்படிப்பில் இந்தக் கேள்விக்குப் பாடமே இல்லை.

இன்ஸ்பெக்டர் தன் கண்டுபிடிப்பை ரசித்து ரசித்துச் சொன்னார். மருந்து கலந்தவளுக்குத்தான் நாடி இறங்கியிருப்பது தெரியும். மூன்றாவது முறையும் ஃபெயிலாகிற பெண், தானே ஒருவரைச் சாகக் கிடத்தி, தானே காப்பாற்றினால் எந்தக் கல்லூரி அவளை ஃபெயில் போடும்? பக்கத்தில் நின்ற பேராசிரியர், நல்ல பொண்ணு இப்படிப் போயிட்டாளே என்று உச்சுக்கொட்டினார்.

கைவிலங்கு நகர்ந்தது.

"சார்..." என்றாள் நிதானம். "நான் பாஸா?"

பிடிபட்டவர்கள் தண்ணீர் கேட்பார்கள், வக்கீல் கேட்பார்கள். மார்க் கேட்ட முதல் ஆள் இவள்தான். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக ஷீட்டைத் திருப்பிக் காட்டினார்.

முந்தைய செய்முறைகளையும் சேர்த்து அவள் வாங்கியது அறுபது. பாஸாக வேண்டியதும் அறுபது.

அவளுக்கு அழுகை முட்டியது. சந்தோஷம்தான். பிறகு, பழக்கதோஷம், முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். விரல் ஒரு வரியில் நின்றது.

சொன்னால் ஒரு மார்க் போகும். ஒரு மார்க் போனால் படிப்பே போகும். சொல்லாவிட்டால் கைக்கு விலங்கு வரும்.

ஷீட்டை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

"இதுல ஒரு மார்க் தப்பா இருக்கு சார்."

"கம்மியா போட்டுட்டாரா?"

"அதிகமா."

பேராசிரியரின் உச்சுக்கொட்டல் பாதியில் நின்றது.

"காலைல சாரே நடிகருக்கு நாடி பார்த்து, விடை எழுபத்திரெண்டுன்னு எழுதி உறைல வச்சிருக்காரு. நான் சொன்னது முப்பத்தெட்டு. அதுக்கு தப்புதான் போட்டிருக்கணும். டிக் போட்டிருக்காரு. முப்பத்தெட்டுதான் சரின்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?"

பேராசிரியர் முந்திக்கொண்டார். "அந்த ஆளுக்கு நிஜமாவே முடியலன்னு எனக்கும் தோணிச்சு. அதான் டிக் போட்டேன்."

"தோணிச்சா?" இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். "அப்புறம் ஏன் சார் அடுத்த கேள்விக்குப் போகச் சொன்னீங்க?"

பேராசிரியருக்கு வியர்த்தது. அவர் நடிகர் இல்லை.

மிச்சம் எல்லாம் பத்து நிமிஷத்தில் கொட்டியது. தன் வகுப்பில் பாஸாகிறவர்கள் கூடினால் அவர் துறைத் தலைவர். அதனால் வேண்டிய பிள்ளைகளுக்கு விடையை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தேர்வின் முதல் நாளான நேற்று வந்த மாணவர்கள் மணிக்கட்டைத் தொடுவதற்குள் நாடியைச் சொன்னதில் நடிகருக்குச் சந்தேகம். சந்தேகத்தைவிடக் கோபம், தன் நடிப்பை ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று! இன்று சாயங்காலம் முதல்வரிடம் சொல்லப் போவதாகப் பேராசிரியரிடமே வந்து சொல்லிவிட்டார், பாவம். சாவதாக நடிக்கிறவர் நிஜமாகவே செத்தால் யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்பது பேராசிரியரின் கணக்கு. கணக்கு சரிதான், எண்ணத் தெரிந்தவள் ஒருத்தி வரும்வரை. இரண்டு வருஷமாக அவளுக்கு அரை மார்க்கூட விட்டுக்கொடுக்காத பேனா, கேட்காமலே உண்மையை எழுதிவிட்டது.

மறுநாள் நடிகர் கண் விழித்தார். அதே நேரத்தில் கல்லூரி முதல்வர் சிவப்புப் பேனாவோடு ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த நாலு பேருக்கும் மறுதேர்வு என்றார். நிதானத்தின் உதவியைக் கல்லூரி மறக்காது என்றார். ஆனால் குற்றவாளி தப்பாகப் போட்ட மார்க் செல்லாது, ஒன்றைக் கழித்தால் ஐம்பத்தொன்பது, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஷீட்டைக் கேட்டார்.

சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த நிதானம் தலைகுனிந்து நின்றாள். அண்ணனிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஷீட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"இதுல கை வச்சா, சாட்சியத்தை அழிச்சதா உங்களையும் உள்ள வைக்கணும் சார். கேஸ் முடியட்டும், வந்து தாராளமா கழிச்சுக்கங்க." சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "எப்படியும் பன்னெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு பாஸ்."